திருடன் கிடைக்காத ஜாடி

வெள்ளிக்கிழமை காலை தேநீர்க் கோப்பையோடு வழக்கம்போல ஜன்னலருகே போய் நின்ற பல்செட்காரர், ஜாடிக்குள் இருந்த குடையின்மேல் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருப்பதைக் கண்டார். கட்டைவிரல் நகத்தளவு குடை. மூடிய ஜாடிக்குள் பஞ்சு பறந்து வர வழியே இல்லை. கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, வேலைமேசைக்குப் போய்ப் பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். பூஞ்சைதான். குடையிலிருந்து தொட்டில்வரைக்கும் வெள்ளை நூலாக இறங்கியிருந்தது. பெரணிச் செடியின் அடி இலைகள் கறுத்துக் குழைந்து கிடந்தன. மேலே பச்சையாக மிஞ்சியிருந்த இரண்டு இலைகளும் தக்கை மூடியில் முட்டி, போக வழியில்லாமல் மடங்கியிருந்தன. நாளைக் காலை பத்து மணிக்கு மகள் வருகிறாள், இந்த ஜாடியை எடுத்துப்போக. அவர் அங்கேயே நின்றார். தேநீர் ஆறி ஏடு கட்டியது.

முப்பத்தொரு வருடமாக அந்த முன்னறையில்தான் அவர் பல்செட் செய்கிறார். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் ரோஸ் மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாகப் பதித்துத் திருப்பி அனுப்புவார். சந்தையில், தபால் நிலையத்தில், பக்கத்து மாடியில் எல்லோருக்கும் அவர் பல்செட்காரர்தான். அவருடைய மனைவி நாலு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஊரில் பாதிப்பேர் தன் புருஷன் கொடுத்த பல்லால் சிரித்து, தான் மாட்டிவிட்ட கண்ணாடியால் பார்க்கிறார்கள் என்று சொல்லிக்கொள்வாள். அது கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, எதிர் வரிசையில் யார் யார் வாயில் தன் வேலை இருக்கிறது என்று அவரும், யார் யார் மூக்கில் தன் வேலை இருக்கிறது என்று அவளும் எண்ணிக்கொண்டே சாப்பிட்டது உண்மை.

ஜாடி வேலை அவள் ஆரம்பித்தது. மகள் படிக்க வெளியூர் விடுதிக்குப் போன வருடம், வீடு வெறிச்சென்று இருந்தது. ஊறுகாய் தீர்ந்த ஒரு கண்ணாடி ஜாடியில் கூழாங்கல்லும் அடுப்புக்கரியும் மண்ணும் போட்டு, குளியலறைச் சுவரில் படர்ந்திருந்த பாசியைச் சுரண்டி வைத்து, அதன்மேல் ஒரு சின்னப் பேருந்தை நிறுத்தினாள். பேருந்துக்கு முன்னால் ஒரு நத்தை சாலையைக் கடந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் இறங்கி நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவருடைய மெழுகில், அவருடைய கருவிகளால் செய்தது. தன்னைக் கேட்காமல் சாமணத்தை எடுத்தாள் என்று முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர், ஓட்டுநரின் முகத்தில் அலுப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அதன்பிறகு அவரும் கூட்டுச் சேர்ந்துகொண்டார். செடி, பாசி, மண் அவர் பொறுப்பு. ஆட்கள், வீடுகள், விஷமங்கள் அவள் பொறுப்பு. காளான் குடைக்கடியில் முடிவெட்டும் கடை. குளத்தில் விழுந்தும் படமெடுப்பதை நிறுத்தாத கல்யாணப் புகைப்படக்காரர். பெரணி நிழலில் கோப்புகள்மேல் தலைவைத்துத் தூங்கும் ஒரு அலுவலகம் முழுக்க. வாங்கிப்போகிறவர்கள் டெரேரியம் என்பார்கள். வீட்டில் அது ஜாடிதான்.

திருடன் வந்தது இரண்டாவது ஜாடியில். ஒரு பொம்மைக்குத் தலைமுடி வைக்கும்போது மெழுகு உருகி மொட்டையாகிவிட்டது, வயிறும் உப்பிவிட்டது. தூக்கிப் போட மனமில்லாமல் அவள் அதைப் பாசிக்குப் பின்னால் சொருகி வைத்தாள். ஜாடியை மூடும் சமயம் அவர் கண்ணில் பட்டது. யார் இவன், திருடன் மாதிரி பதுங்கியிருக்கிறான் என்று கேட்டார். வழுக்கை, தொப்பை எல்லாம் பார்த்தால் தெரியவில்லையா, நம் வீட்டு ஆள்தான் என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு திருடன். வழுக்கைத் தலையும் தொப்பையுமாக, எதையாவது திருடிக்கொண்டு, எங்காவது ஒளிந்திருப்பான். அவர் அவனைக் கண்டுபிடிக்கிறவரை ஜாடி வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். முடியாவிட்டால் "தோத்துட்டேன்" என்று சொல்ல வேண்டும், அவள் காட்டுவாள். இருபத்தாறு ஜாடிகள் வாசலைத் தாண்டின. அவர் ஒருமுறைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஒருதடவை பாலத்துக்கு அடியில் தேட ஒன்பது நாள் ஆயிற்று. வாங்க வந்த பெண்மணி மூன்று தடவை வந்து திரும்பிப்போனார்.

இது இருபத்தேழாவது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, தனிக்குடித்தனம் போனால் கொண்டுபோகட்டும் என்று அவள் அம்மா செய்யத் தொடங்கியது. உள்ளே இருந்தது அவர்கள் முதன்முதலில் வாடகைக்கு எடுத்த மாடியறை. வெளிப்பக்கமாக இரும்பு ஏணிப்படி, துணிக்கொடி, ஒரே மேசை. அதன் ஒரு பாதியில் அவருடைய பற்கள், மறு பாதியில் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து பழகிய கண்ணாடிச் சட்டங்கள். கூரை ஒழுகும் இடத்துக்குக் கீழே தொட்டில் இருந்ததால் தொட்டிலுக்குமேல் ஒரு குடை. மகள் பிறந்த அந்த மழைக்காலம் முழுக்க அவர்கள் அப்படித்தான் அந்தக் குழந்தையைக் காப்பாற்றினார்கள். தொட்டிலை நகர்த்தினால் கதவு திறக்காது. அவ்வளவு சின்ன அறை. ஆனால் அங்கே இருந்ததுபோல் வேறெந்த வீட்டிலும் தாங்கள் சிரித்ததில்லை என்று அவருக்குத் தோன்றும்.

அந்த ஜாடி தயாராகிக்கொண்டிருந்த வாரத்தில்தான் பல் காணாமல் போனது. ஓய்வுபெறப் போகும் ஒரு தலைமையாசிரியைக்கான செட். பிரிவு உபசார விழாவுக்குள் வேண்டும் என்று மருத்துவர் இரண்டுமுறை ஆள் அனுப்பியிருந்தார். பதிக்க உட்கார்ந்தால், தட்டில் மேல்வரிசை முன்பல் ஒன்று இல்லை. நல்ல பீங்கான் பல். அந்த நிறத்தில் இன்னொன்று வர ஒரு வாரமாகும். அவர் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். இந்த வீட்டில் ஒரு பல்லுக்குக்கூடப் பாதுகாப்பில்லை என்று கத்தினார். ஜாடி வேலை செய்கிறேன் என்று மேசையைக் குப்பைமேடாக்கி வைத்திருக்கிறாய் என்றும் சொன்னார். அவள் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் தவழ்ந்து போய் அரைமணிநேரம் தேடினாள். பெருக்கின குப்பையை மாவுச் சல்லடையில் சலித்துக்கூடப் பார்த்தாள். பல் கிடைக்கவில்லை. இரண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளை இப்போதும் அவரால் மறக்க முடியவில்லை.

ஜாடியை மூடிய காலை அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. எல்லா ஜாடிக்கும் செய்வதுபோல, வாயருகே முகத்தைக் கொண்டுபோய் "ஹா" என்று உள்ளே ஊதினாள். கடையில் மூக்குக்கண்ணாடி துடைத்துத் துடைத்து வந்த பழக்கம். கரண்டிக் காம்பில் துணி சுற்றி உட்புறத்தைத் துடைத்தாள், தடித்த தக்கையை அழுத்தினாள், அந்த ஒரு ஜாடிக்கு மட்டும் கழுத்தைச் சுற்றிச் சணல் கயிறு சுற்றினாள். எதற்கு என்று கேட்டதற்கு, அதற்குக் குளிருமாம் என்றாள். மாதம் ஒருமுறை திறந்து கொஞ்சநேரம் காற்றாட விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே புழுங்கும் என்றும் சொன்னாள். அவர் உடனே பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்தார். தொட்டிலுக்குள், மேசைக்கடியில், ஏணிப்படிக்குப் பின்னால் எங்கும் திருடன் இல்லை. ஒரு வாரம் கழித்து ஒரு துப்பாவது கொடு என்றார்.

"அவன் உங்களைப் பார்த்துக்கிட்டேதான் இருக்கான், பல்லுக்காரரே," என்றாள் அவள். "முடியலைன்னா தோத்துட்டேன்னு சொல்லுங்க. காட்டிடறேன்."

அவர் சொல்லவில்லை. ஜாடியை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடையில் ஒருவருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, இப்போது எப்படித் தெரிகிறது என்று கேட்டவள், பதில் வருவதற்குள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அதோடு சரி.

துக்கம் கேட்க எல்லோரும் வந்து போனபிறகு ஒருநாள் காலை, ஜாடியின் உட்புறம் பனித்திருப்பதை அவர் பார்த்தார். வெயில் ஏறினால் மறையும், மறுநாள் காலை திரும்ப வரும். மண்ணின் ஈரம்தான் அது, செடி விடும் நீர்தான் என்று அவருக்குத் தெரியாததில்லை. இருபத்தாறு ஜாடிக்கு மண் போட்டவர். ஆனாலும், இதற்குள் இருப்பது அவள் ஊதிய மூச்சு, அது எங்கேயும் போகவில்லை, காலையில் கண்ணாடிமேல் வந்து நிற்கிறது என்று நினைத்தார். நினைத்ததோடு நிற்கவில்லை. ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, பல்செட்டுக்கு வைத்திருந்த ரோஸ் மெழுகை உருக்கி, தக்கையும் கண்ணாடியும் சேரும் இடத்தைச் சுற்றிலும் ஒரு இடைவெளி விடாமல் அடைத்தார். அவர் கைவேலை சுத்தமானது. நாலு வருடம் எறும்பு மூச்சுகூட உள்ளே போகவில்லை, வெளியே வரவில்லை.

மகள் கேட்காமல் இல்லை. கல்யாணம் முடிந்து போகும்போதே கேட்டாள். திருடன் கிடைக்கவில்லையே, சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று சிரித்து மழுப்பினார். மகளுக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஒருதடவை அவர் பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும், ஜாடியை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க முடியுமா என்று விசாரித்தார். மெழுகெல்லாம் அதில் தெரியாது என்று அவள் சொல்லிவிட்டாள். போன மாதம் புதுவீட்டுக்குக் குடிபோனார்கள். இனிமேல் சாக்குச் சொன்னால் கேட்க மாட்டேன், சனிக்கிழமை வருகிறேன், திருடனை நான் பிடித்துக்கொள்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னாள். சரி என்று சொல்லி வைத்துவிட்டு அவர் அன்று மதியம் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை அவள் ஒன்பதேமுக்காலுக்கே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றியதும் நேரே ஜன்னலுக்குப் போனாள். பிறகு விரலால் ஜாடியின் கழுத்தைத் தடவினாள். சணல் கயிறு நைந்து அவள் விரலோடு வந்தது. அதற்குமேலே ரோஸ் நிறத்தில் ஈறு மாதிரி ஒரு வளையம்.

"அப்பா, இதை யாரு அடைச்சது?"

அவர் தரையைப் பார்த்தார். அவள் வாய் பேசும்போது அப்படியே அம்மாவின் வாய். பல் வரிசைகூட அதேதான், அதை அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. காற்று போய்விடக்கூடாதென்று செய்தேன் என்றார். எந்தக் காற்று என்று அவள் கேட்டாள். அவர் அந்த "ஹா"வைச் சொன்னார். இதுவரைக்கும் யாரிடமும் சொல்லாதது. சொல்லும்போதே, வாய்விட்டுச் சொன்னால் எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று வெட்கமாக இருந்தது. அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை. ஜன்னலோரத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"எனக்கும் அந்த மூச்சு வேணும்ப்பா," என்றாள். "ஆனா செடி சாகுது. அம்மா இருந்தா உங்களை வீட்டை விட்டே துரத்தியிருப்பா."

அது சரிதான். செடி வாடினால் அவள் இரண்டு வேளை சாப்பிட மாட்டாள். அவர் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தார். மெழுகுக் கத்தியைச் சூடாக்கி, வளையத்தை ஒரு பக்கமாக வெட்டிக்கொண்டே வந்தார். கத்தி இரண்டு இடத்தில் கண்ணாடியில் இடித்தது. மெழுகு விட்டதும் தக்கையைப் பிடித்துத் திருகினார். வரமாட்டேன் என்று கொஞ்சம் அடம்பிடித்து, பிறகு பொதுக்கென்று வந்தது. தக்கைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டிருந்த பெரணி நுனி கூடவே இழுபட்டது. மகள் அதைக் கத்தரியால் நறுக்கிவிட்டாள். அவர் தக்கையை மேசைத் துணிமேல் வைத்துவிட்டு, ஜாடியின் வாயில் முகத்தை வைத்து மூச்சை ஆழமாக இழுத்தார். அழுகின இலை வாடை, கரி வாடை, நாலு வருடத்து ஈரம். அவள் வாடை என்று எதுவும் இல்லை. இல்லாமல்போகும் என்று தெரிந்துதான் திறந்தார். ஆனாலும் இன்னொருமுறை முகர்ந்து பார்த்தார். மகள் அவருடைய முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

மதியம்வரைக்கும் இருவரும் குனிந்த தலை நிமிரவில்லை. நீளச் சாமணத்தால் குடை வெளியே வந்தது. தொட்டில், மேசை, துணிக்கொடி, ஏணிப்படி ஒவ்வொன்றாக வந்தது. பூஞ்சையை அவர் ஸ்பிரிட் தொட்ட தூரிகையால் துடைத்தார். மகள் தொட்டிலை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். அதற்குள் ஒரு அரிசியளவு குழந்தை, வாய் திறந்து அழுதுகொண்டு. வாயில் ஒரு பல்கூட இல்லை, பல்லுக்காரர் வீட்டுக் குழந்தைக்கு நீ ஒரு பல்லாவது வைக்கக்கூடாதா என்று தான் அப்போது அவள் அம்மாவிடம் கேட்டதை அவர் சொன்னார். அழுகிய இலைகளை எடுத்து, பாசியை உரித்து, மேல்மண்ணை மாற்றினார். உரித்த ஒவ்வொரு துண்டையும் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரிவரைக்கும் தோண்டினார். திருடன் இல்லை.

மகள் நிமிர்ந்து உட்கார்ந்து கழுத்தைத் திருகிக்கொண்டாள். ஒருவேளை அம்மா இந்தத் தடவை வைக்காமலே விட்டிருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னாள். அவருக்குச் சுரீரென்றது. வைக்காமலே, வைத்திருக்கிறேன் என்று அவள் பொய் சொல்லியிருந்தால், நாலு வருடமாகத் தான் யாரைத் தேடிக்கொண்டிருந்தோம்? அப்படியெல்லாம் இருக்காது என்று தலையை ஆட்டினார். வைத்ததை எல்லாம் திரும்ப அதனதன் இடத்தில் வைக்க ஆரம்பித்தார். அறை மறுபடி அறையாயிற்று. நறுக்கிய பெரணிக்கு இப்போது தலைக்குமேல் இரண்டு விரற்கடை இடம் இருந்தது.

"தோத்துட்டேன்னு சொல்லிடுங்கப்பா," என்றாள் மகள். "அப்பதானே அம்மா காட்டுவா."

"இத்தனை வருஷம் சொல்லலை."

"அதனாலதானே இத்தனை வருஷம் காட்டலை."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். ஜாடியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அத்தனை ஜாடியும் ஜெயித்தவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, தோத்துட்டேன்," என்றார், யாரிடமோ கோபித்துக்கொண்ட மாதிரி. உடனே அழுகை வந்தது. மகள் பார்க்கக்கூடாதென்று ஏதாவது வேலை இருக்கிறதா என்று தேடி, தக்கையை எடுத்து அதில் ஒட்டியிருந்த மிச்ச மெழுகைச் சுரண்டத் தொடங்கினார். பக்கவாட்டில் சுரண்டிவிட்டு, அடிப்பக்கத்தைத் திருப்பினார்.

தக்கையின் அடி குடையப்பட்டிருந்தது. ஒரு சுண்டுவிரல் நுழையும் குழி. உள்ளே சிக்கியிருந்த பெரணி நுனியை அவர் சாமணத்தால் பிடித்து இழுத்தார். இழுத்த கை அப்படியே நின்றது. கண்ணீரால் ஒன்றும் தெரியவில்லை. பூதக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். குழிக்குள் ஒரு பொம்மை, ஜாடி மூடியிருந்தபோது வௌவால் போலத் தலைகீழாக, அந்த அறையின் உத்தரத்திலிருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. வழுக்கை இல்லை. முதுகில் பின்னல். தொப்பை இல்லை. மூக்கின்மேல் மயிரிழைச் செப்புக் கம்பியில் ஒரு மூக்குக்கண்ணாடி, பச்சையேறிப் போயிருந்தது. முதுகில், தன் உயரத்துக்கே ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டிருந்தாள். மூட்டை மட்டும் கொஞ்சமும் நிறம் மாறாமல் பளபளத்தது. அது தலைமையாசிரியையின் முன்பல்.

"திருடி," என்றார் பல்செட்காரர்.

அவருக்கு மேசைக்கடியில் ஆடிய டார்ச் வெளிச்சம் நினைவுக்கு வந்தது. மாவுச் சல்லடை நினைவுக்கு வந்தது. அரைமணிநேரம் அங்கே அவள் தேடவில்லை, சிரித்திருக்கிறாள். அவர் பேசாமல் இருந்த இரண்டு நாளும் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாளே, அப்போதும் சிரித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். நாலு வருடமாக அவர் நெஞ்சில் கல்லாகக் கிடந்த அந்த இரண்டு நாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். தக்கையை வாங்கிப் பார்த்த மகளும் சிரித்தாள். அன்றைக்கு எக்ஸ்ரே எடுத்திருந்தால் மெழுகு தெரியாவிட்டாலும் பல் தெரிந்திருக்குமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். மனைவி மாதம் ஒருமுறை திறந்துவிடச் சொன்னது செடிக்காக மட்டுமில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரேயொரு மாதம் அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் போதும்.

பல்லை எடுத்துக்கொள்கிறீர்களா என்று மகள் கேட்டாள். அவர் யோசித்தார்.

"வேண்டாம். திருட்டுப்போனது திரும்பக் கிடைச்சுட்டா கேஸ் முடிஞ்சு போயிடும்."

நைந்த சணல் கயிற்றை உருவி எறிந்தார். புதிதாகக் கயிறு சுற்றவில்லை, மெழுகும் தொடவில்லை. மாதத்துக்கு ஒருநாள் திறந்து வைக்க வேண்டும், மறக்கக்கூடாது என்று மகளிடம் இரண்டுதடவை சொன்னார். பிறகு, தக்கையை அழுத்துவதற்கு முன்னால், யாரும் சொல்லாமலே ஜாடியின் வாயில் முகத்தை வைத்து "ஹா" என்று ஊதினார். கரண்டிக் காம்பில் துணி சுற்ற மகள் எழுந்தாள். துடைக்க வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லி மூடிவிட்டார்.

மகள் ஜாடியை இரண்டு கையாலும் முகத்துக்குமேலே தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கக் கண்ணாடி வழியே கீழிருந்து பார்த்தாள். அவரும் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார். முதலில் வெறும் பனிதான் தெரிந்தது. அது ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டு வந்தது. குடை தெரிந்தது, தொட்டில் தெரிந்தது, பெரணியின் நறுக்கிய நுனி தெரிந்தது. கடைசியில் மேலே, தக்கையின் இருட்டுக்குள், ஒரே ஒரு பல் வெள்ளையாகத் தெரிந்தது.